துணி மூட்டையில் தொடங்காதீர்கள்: அகதிகளுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் உதவ நினைக்கும் சபைக்கு

கேள்வி இது: நூறு பேருக்கும் குறைவான ஒரு சபை. சுற்றியுள்ள தெருக்களில் ஏழெட்டு அகதிக் குடும்பங்கள் குடிவந்திருக்கின்றன. அதே தெருக்களில் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் திண்டாடும் உள்ளூர்க் குடும்பங்களும் வெகுகாலமாக இருக்கின்றன. ஞாயிறு ஆராதனையில் அறிவித்து, பழைய துணியும் சாமானும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று மூப்பர்கள் நினைக்கிறார்கள். சரிதானா, அல்லது வேறு எப்படித் தொடங்குவது?

துணியில் தொடங்காதீர்கள். அறிவித்த இரண்டாம் வாரமே ஆலயத்தின் பின்னறை மூட்டைகளால் நிறைந்துவிடும். ஒவ்வொன்றையும் அவிழ்த்து, கிழிசலும் கறையும் பார்த்து, ஆண், பெண், குழந்தை என்றும் அளவுவாரியாகவும் பிரிக்க ஆள் வேண்டும். பிரிக்காமல் விட்டால் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்து மொத்தமும் குப்பைக்குப் போகும். பிரித்த பிறகும் மிஞ்சுவது பெரும்பாலும் யாருக்கும் பொருந்தாத அளவுகளும் பருவத்துக்கு ஒவ்வாத உடுப்புகளும்தான். அந்தக் குடும்பங்களுக்கு உடனே தேவைப்படுவதோ பழையதாகக் கொடுக்க முடியாதவை: உள்ளாடை, சானிட்டரி நாப்கின், டயப்பர், காலுக்குச் சரியான காலணி, சமைக்க ஒரு பெரிய பாத்திரம். அளவு கேட்டுப் புதிதாக வாங்கித் தருவது மூட்டை பிரிப்பதைவிட லேசான வேலை.

இந்தச் சிக்கல் சபைக்குப் புதிதல்ல. அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தை ஒரு நிர்வாகக் குறிப்பாக வாசித்துப் பாருங்கள். எருசலேமில் அன்றாடம் உணவு பகிரப்பட்டது, கிரேக்கம் பேசிய விதவைகள் விடுபட்டார்கள், முறுமுறுப்பு எழுந்தது. யாரும் வஞ்சகமாக அவர்களை ஒதுக்கியதாக அங்கே எழுதியிருக்கவில்லை. பாஷை தெரியாதவரும் சொந்தபந்தம் இல்லாதவரும் எந்தப் பட்டியலிலிருந்தும் தானாகவே நழுவிவிடுவார்கள், அவ்வளவுதான். பந்தி விசாரணைக்கு, அதாவது உணவு பரிமாறும் பொறுப்புக்கு, ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். ஸ்தேவான் தொடங்கி நிக்கொலா வரை ஏழும் கிரேக்கப் பெயர்கள். நிக்கொலா அந்தியோகியாக்காரர், பிறப்பால் யூதர்கூட இல்லை. குறை சொன்ன தரப்பின் கையிலேயே பொறுப்பைக் கொடுத்தார்கள் என்றுதான் நான் இதை வாசிக்கிறேன். பரிமாறும் மேசைக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்பதை முதலில் தீர்மானியுங்கள். என்ன கொடுப்பது என்பது அதற்கப்புறம்.

ஆகவே முதல் நான்கு வாரம் எதையும் கொடுக்காமல் கேட்பதற்கு. இருவர் இருவராக, ஒருவராவது பெண்ணாக, நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். அது விசாரணை அதிகாரியை நினைவூட்டும். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் "எல்லாம் இருக்கிறது" என்றுதான் பதில் வரும். "இந்த வாரம் எதற்காக அலைந்தீர்கள், எது முடியாமல் போனது?" என்று கேட்டால் உள்ளது வெளிவரும்: பள்ளிச் சேர்க்கைப் படிவம், பிடுங்க வேண்டிய பல், வீட்டுக்காரர் தராத ரசீது. இதே கேள்வியை உள்ளூர்க் குடும்பங்களிடமும் கேளுங்கள். அரசு அலுவலகமும் மற்ற சபைகளும் மசூதியும் தொண்டு நிறுவனங்களும் ஏற்கெனவே என்ன செய்கின்றன என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை வேறொருவர் அரிசி கொடுக்கும் இடத்தில் நீங்கள் புதன்கிழமை அரிசி கொடுக்க வேண்டியதில்லை.

அப்போதே அவரவர் சட்ட நிலை வெவ்வேறு என்பதும் புரியும். அகதி அந்தஸ்து கிடைத்தவர், கோரிக்கை நிலுவையில் உள்ளவர், நாடற்றவர், சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர் எல்லாரையும் பேச்சுவழக்கில் அகதி என்றே சொல்கிறோம். அகதிகளின் உரிமைகளை வரையறுக்கும் 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையிலும் அதை விரிவாக்கிய 1967-ஆம் ஆண்டு நெறிமுறையிலும் கையெழுத்திடாத நாடுகள் பல உண்டு. கையெழுத்திட்ட நாடுகளிலும் கோரிக்கை முடியும்வரை வேலை செய்யத் தடை இருக்கலாம். "ஆலயத்தைப் பெருக்கட்டும், ஏதாவது கையில் கொடுப்போம்" என்பது தடையுள்ள இடத்தில் அனுமதியில்லா வேலையாகக் கணக்காகி, அவர் வழக்கையே கெடுக்கும். எவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதைத் தகுதியுள்ள வழக்கறிஞரோ ஐ.நா. அகதிகள் ஆணையத்தோடு சேர்ந்து இயங்கும் சட்ட உதவி அமைப்போ சொல்லட்டும். சபையில் எவரும் சட்ட ஆலோசனை தர வேண்டாம்.

நல்ல மனதோடு செய்து பெருங்கேடு விளைவது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். புகலிடக் கோரிக்கையில் ஒருவர் சொன்னது எல்லா இடத்திலும் ஒத்துப்போகிறதா என்று அதிகாரிகள் தேடிப் பார்ப்பார்கள். தேதி, ஊர்ப் பெயர், உடன் வந்தவர் எண்ணிக்கை என ஏதாவது ஒன்று முரண்பட்டாலும் மொத்தக் கதையின் நம்பகம் ஆட்டம் காணும். சபையார் ஒருவர் இரக்கப்பட்டு எழுதிய ஆதரவுக் கடிதத்தில் "மூன்று வருடம் சிறையில் இருந்தவர்" என்று எழுதிவிடுகிறார் என்று வையுங்கள். கோரிக்கை வைத்தவரின் விண்ணப்பத்தில் எட்டு மாதம் என்று இருந்தால் முடிந்தது. கடிதம் கொடுப்பதானால் எழுதுபவர் கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள்: எந்த மாதத்திலிருந்து தெரியும், வாரம் எத்தனை முறை சந்திக்கிறோம், என்ன உதவி செய்தோம். அவருடைய கடந்த காலத்தைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். கடிதம் அவருடைய வழக்கறிஞர் கண்ணில் பட்ட பிறகே அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

இதில் ஞானஸ்நானமும் சேரும். மதம் மாறியவர் சொந்த நாட்டில் தண்டிக்கப்படுவார் என்றால் ஞானஸ்நானச் சான்றிதழ் வழக்கில் ஆதாரமாகலாம். போதகரைச் சாட்சிக்கு அழைக்கவும் கூடும். கேட்டவுடன் கொடுத்த ஞானஸ்நானம் அங்கே நிற்காது. எல்லாருக்கும் வைக்கும் ஆயத்த வகுப்பையும் கால அளவையும் இவர்களுக்கும் அப்படியே வையுங்கள். வருகையைப் பதிவு செய்யுங்கள். படம் எடுத்து வலையில் போட்டால் ஊரில் இருக்கும் தாய்தகப்பன் வீட்டுக் கதவு தட்டப்படலாம். ஞானஸ்நானம் மட்டுமல்ல, உணவு வழங்கும் படம், பிள்ளைகள் பாடும் படம் எல்லாவற்றுக்கும் இதே கட்டுப்பாடு. "அனுமதி கேட்டுத்தான் எடுத்தோம்" என்பது சமாதானமாகாது. உங்கள் கையால் அரிசி வாங்குபவர் எப்படி மறுப்பார்?

இப்போது உணவு. நெருக்கடி நிலையில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,100 கிலோகலோரி என்பது நிவாரண அமைப்புகள் வைத்திருக்கும் கணக்கு. அதை எட்டும் ஒரு வழக்கமான பங்கீடு: தானியம் 400 கிராம், பருப்பு 60, எண்ணெய் 25, சத்துமாவு 50, சர்க்கரை 15, அயோடின் உப்பு 5. ஐந்து பேர் குடும்பத்துக்கு ஏழு நாளைக்குப் பெருக்கிப் பாருங்கள். தானியம் 14 கிலோ, பருப்பு 2 கிலோ 100, எண்ணெய் ஏறக்குறைய ஒரு லிட்டர், சத்துமாவு ஒன்றேமுக்கால் கிலோ, சர்க்கரை அரைக் கிலோவுக்குச் சற்று மேல், உப்பு 175 கிராம். மொத்தம் 19 கிலோவைத் தாண்டும். இடுப்பில் குழந்தையும் கையில் இன்னொன்றுமாக வரும் ஒரு தாய் இதை எப்படித் தூக்கிப் போவாள் என்று யோசிக்காத பங்கீடு அரைகுறை. ஒன்று வாரம் இருமுறையாகப் பிரியுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்குக் கொண்டு கொடுங்கள். வேறு வருமானமோ அரசு உதவியோ உள்ள குடும்பத்துக்கு இது முழுசாகத் தேவைப்படாது. குறைவது எது என்று கேட்டு அதை மட்டும் நிரப்பலாம்.

அடுப்பு என்ன என்று கேட்காமல் பொட்டலம் கட்டாதீர்கள். ஒற்றை அறையில் வெந்நீர்க் கெண்டி மட்டும் உள்ளவருக்கு உலர்ந்த பயறு கொடுத்துப் பயனில்லை. சிவப்பு ராஜ்மாவை ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவைக்காமல் சாப்பிட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். எரிபொருளை மிச்சப்படுத்த அரைவேக்காட்டில் இறக்குவார்கள். டப்பா உணவோடு திறப்பான் உண்டா? பன்றியை விலக்குபவர்கள் இருந்தால் இறைச்சியை மட்டும் பார்த்தால் போதாது, பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் மிட்டாயிலும் இருக்கலாம். பால்மாவு தனிக் கதை. கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் மாவைப் பொதுவாக எல்லாருக்கும் அள்ளிக் கொடுக்கக் கூடாது. சுத்தமான தண்ணீரும் கொதிக்கவைக்க வசதியும் இல்லாத இடத்தில் அது குழந்தையைக் கொல்லும். இலவசமாக வரும் வரை பழகிவிட்டுத் தாய்ப்பால் வற்றியபின் மாவும் நின்றுபோகும். தாய்ப்பால் மாற்றுணவுகளை விளம்பரப்படுத்துவதையும் இலவச மாதிரி தருவதையும் கட்டுப்படுத்தும் உலக சுகாதார அமைப்பின் நெறிமுறை 1981-இலேயே வந்துவிட்டது. சுகாதாரப் பணியாளர் பார்த்துச் சொன்ன குழந்தைக்கு மட்டும், தொடர்ந்து கிடைக்கும்படி கொடுங்கள்.

வழங்கும் நாளில் தகராறு வருவது அநேகமாக ஒரே காரணத்தால்: கடைசியில் நிற்பவருக்கு இல்லாமல் போவது. முந்தின இரவே எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். 1–2 பேர், 3–5 பேர், 6-உம் அதற்கு மேலும் என்று மூன்று அளவில் கட்டி வையுங்கள். பெயரில்லாமல் வந்து நிற்பவருக்காக மூன்று பொட்டலம் ஒதுக்கி வையுங்கள்; அது தீர்ந்தால் அடுத்த தேதியைச் சொல்லி, பெயர் எழுதிக்கொண்டு அனுப்புங்கள். ஒரே நேரத்துக்கு எல்லாரையும் வரச்சொல்லித் தெருவில் வரிசை நிற்க வைப்பது அவர்களை ஊருக்குக் காட்டிக்கொடுப்பது. டோக்கனில் நேரம் எழுதுங்கள், பத்து நிமிடத்துக்கு நான்கு குடும்பம். அட்டையில் எண், குடும்ப அளவு, தேதி போதும். நாடு, மதம், அந்தஸ்து எழுத வேண்டியதில்லை. அந்தப் பட்டியல் யார் கையில் சிக்கினாலும் கேடு வராதபடி இருக்க வேண்டும். மூட்டைகளைத் தரையிலிருந்து அரையடி உயர்த்தி, சுவரைத் தொடாமல் அடுக்குங்கள். முதலில் காலாவதியாவது முதலில் வெளியே போகட்டும். இடம் இருந்தால் கட்டிக் கொடுப்பதை விட்டுவிட்டுக் கடைபோல மேசைகளில் பரப்பி, குடும்பத்துக்கு இத்தனை புள்ளி என்று கொடுத்து அவர்களையே எடுக்கவிடுங்கள். வீணாவது குறையும். கடைகள் சரியாக இயங்கும் ஊரில் பணமோ கூப்பனோ அதைவிட மேல். "பணம் கொடுத்தால் வீணாக்குவார்கள்" என்ற பேச்சு எழும். துணி மூட்டையில் எவ்வளவு வீணாகியிருக்கும் என்று பதிலுக்குக் கேளுங்கள்.

உள்ளூர் ஏழைகளுக்கும் அகதிகளுக்கும் ஒரே மேசை, ஒரே விதி. "அகதிகளுக்கு மட்டும்" என்று ஒரு பலகை தொங்கினால், பத்து வருடமாக அந்தத் தெருவில் கஷ்டப்படும் விதவை அதைப் படித்துவிட்டுப் போவாள். அன்றிலிருந்து அந்தத் தெருவில் அகதிப் பிள்ளைகளுக்கு வசவுதான்.

மேசைக்குப் பின்னால் நிற்பவர்களில் பாதிப்பேராவது வாங்குபவர் தரப்பிலிருந்து வரட்டும். அதிலும் ஒரு பொறி உண்டு. உங்கள் பாஷையை முதலில் கற்றுக்கொண்ட துடிப்பான ஆண் ஒருவர் எல்லாருக்கும் வாயாகிவிடுவார். ஆறு மாதத்தில், அவருக்கு வேண்டியவர்கள் மட்டும் பட்டியலில் இருப்பார்கள். சில இடங்களில் பங்கும் வாங்குவார். ஒரே நாட்டிலிருந்து வந்தவர்கள் ஒரே கூட்டமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒருவரை ஒருவர் சுட்ட இரு தரப்பும் ஒரே கட்டடத்தில் குடியிருக்கலாம். ஆகவே அவர்கள் சார்பில் பேச வெவ்வேறு குடும்பம், வெவ்வேறு பிரிவிலிருந்து இருவர், அவர்களில் ஒருவர் பெண், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுழற்சி. பெண்களிடம் பெண்கள் தனியாகப் பேசும் நேரமும் வேண்டும்.

மொழிபெயர்ப்புக்குப் பிள்ளைகளைப் பிடிக்காதீர்கள். பள்ளியில் பாஷை கற்ற பத்து வயதுப் பெண்தான் வீட்டிலேயே நன்றாகப் பேசுவாள் என்பது உண்மை. ஆனால் தாயின் கர்ப்பப்பைக் கோளாறையும் தகப்பனின் சித்திரவதைத் தழும்பையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டியது அவளல்ல. கணவன் மனைவிக்கோ மனைவி கணவனுக்கோ மொழிபெயர்ப்பதும் ஆகாது. வீட்டில் அடி விழுந்தால் அது வெளிவராது. மொழிபெயர்ப்பாளர் சற்றுப் பின்னால் உட்காரட்டும். நீங்கள் முகம் பார்த்துப் பேச வேண்டியது எதிரில் இருப்பவரிடம்.

அவர்களுக்கு நடந்ததைத் தோண்டிக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் செவிகொடுங்கள். சாட்சி சொல்ல மேடையேற்றவே வேண்டாம்.

பிரசங்கத்தையும் அரிசியையும் பிரித்து வையுங்கள். செஞ்சிலுவை இயக்கமும் நிவாரண நிறுவனங்களும் 1994-இல் ஏற்ற நடத்தை விதிகளில் இது தெளிவாக இருக்கிறது: மதம் பார்த்து உதவி தரக் கூடாது, உதவியைச் சமய நோக்கத்துக்குக் கருவியாக்கக் கூடாது. நடைமுறையில், ஆராதனை முடிந்த கையோடு அதே வாசலில் வழங்காதீர்கள், பொட்டலத்தில் துண்டுப்பிரசுரம் செருகாதீர்கள், ஜெபத்துக்கு நின்றவர் நிற்காதவர் என்று யாரும் கவனிக்கக் கூடாது. ஏன் செய்கிறீர்கள் என்று அவர்களாகக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். "அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்" என்ற வசனத்தில் அந்நியன் என்ன விசுவாசத்தான் என்று யாரும் கேட்கவில்லை.

பெரிய நிறுவனங்களிடம் இல்லாத ஒன்று சிறிய சபையிடம் உண்டு, அது நேரம். அலுவலக வாசலில் நான்கு மணி நேரம் அவர்களோடு உட்காரச் சம்பள ஊழியரால் முடியாது. ஓய்வுபெற்ற ஒருவரால் முடியும். கனடாவில் அகதிகளைத் தனியார் பொறுப்பேற்கும் திட்டத்தில் 1979 மார்ச்சில் முதல் ஒப்பந்தம் போட்டது மென்னோனைட் மத்தியக் குழு என்ற கிறிஸ்தவ அமைப்பு. ஐந்து பேர் கூடினாலே ஒரு குழு என்றும் அங்கே விதி இருந்தது. பொறுப்புக் காலம் வழக்கமாக ஒரு வருடம். உங்களுக்கும் அந்த அளவு பொருந்தும்: ஒரு குடும்பத்துக்கு நான்கைந்து பேர், ஆளுக்கு வாரம் இரண்டு மணி நேரம், எழுதப்பட்ட முடிவுத் தேதி. ஒன்பதாம் மாதத்திலிருந்து கையை மெல்ல எடுங்கள். படிவத்தை அவர்கள் நிரப்பட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். திடீரென நின்றால் வாடகை தவறும் மாதம் அதுவாகத்தான் இருக்கும்.

உடன் போகிறவர்களுக்கு இரண்டு நுணுக்கம். அகதிகள் பலருக்குப் பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருக்கும். பிறப்புப் பதிவு இல்லாதவர்களுக்கு அதிகாரிகள் போட்டுக் கொடுத்த தேதி அது. "உண்மையான தேதி என்ன?" என்று கேட்டுப் புதுப் படிவத்தில் திருத்திவிடாதீர்கள், இரண்டு ஆவணம் ஒத்துப்போகாமல் உதவித்தொகை நின்றுவிடும். பெயரின் எழுத்துக்கூட்டலும் அப்படியே, அட்டையில் தப்பாக இருந்தாலும் முறைப்படி மாற்றும்வரை அந்தத் தப்பையே எழுதுங்கள். மூல ஆவணங்களைச் சபையில் பூட்டி வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். அவை அவர்கள் கையில் இருக்கட்டும். நகல் எடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுங்கள்.

கூடத்தில் தங்கவைக்கச் சொல்லிக் கேட்டால், ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர், இருபது பேருக்கு ஒரு கழிப்பறை, நாளுக்கு ஆளுக்கு 15 லிட்டர் தண்ணீர் என்பவை ஸ்பியர் (நிவாரண அமைப்புகள் பின்பற்றும் குறைந்தபட்சத் தரக் கையேடு) வகுத்த அளவுகள். பத்துக்கு ஏழு மீட்டர் கூடத்தில் இருபது பேர்தான் கணக்கு, அதுவும் சமையலுக்கு வேறு இடம் இருந்தால். பெண்கள் கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாளும் வழியில் விளக்கும் முதல் நாளே இருக்க வேண்டும்.

2002-இல் மேற்கு ஆப்பிரிக்க அகதி முகாம்களில் நிவாரணப் பணியாளர்களே உணவுக்குப் பதிலாகச் சிறுமிகளைப் பாலியல் ரீதியாகச் சுரண்டியதாக வெளிவந்த அறிக்கை உலகை உலுக்கியது. "நம் சபையில் நடக்காது" என்பதை விதியாக எழுத முடியாது. பிள்ளைகளோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள். வீட்டுச் சந்திப்புக்கு யாரும் தனியாகப் போகக் கூடாது. தொண்டர் தன் பையிலிருந்து பணம் கொடுக்கவோ கடன் தரவோ கூடாது. முறையிடுவதற்கு ஒருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் அவர்கள் மொழியில் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும், அவர் வழங்கும் குழுவில் இல்லாதவராக இருக்க வேண்டும். காணிக்கைக் கணக்கிலிருந்து இந்த நிதியைப் பிரித்து, இரண்டு கையெழுத்து வைத்து எடுங்கள்.

வரும் ஞாயிறு அறிவிப்புக்கு இவ்வளவு போதும்: "அடுத்த நான்கு வாரம் வீடுகளைச் சந்திக்க எட்டுப் பேர் தேவை. அதன்பின்னும் தொடர்ந்து உடனிருக்க வேண்டும்: வாரம் இரண்டு மணி நேரம், ஒரு வருடத்துக்கு. பொருள் எதுவும் இப்போது கொண்டுவர வேண்டாம்." அப்படியும் யாராவது ஒரு மூட்டையோடு வருவார், நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.